முதல் வில்லை இறாத்தல் பார்த்து வாங்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்துப் படுவான்கரை விவசாயி ஒருவர் எழுதியிருந்ததை வாசித்தேன். வேளாண்மை கதிர் பிடிக்கிற நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கி ஒரே இரவில் வட்டையை, அதாவது வயல்வெளியை, கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது, துவக்குக்கு அனுமதி எடுப்பது பெரும்பாடு, ஆகவே கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு கொம்பவுண்ட் வில் வாங்கி அனுப்பினால் சத்தமில்லாமல் பன்றியை முடித்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. அவருடைய வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாக விளங்குகிறது. போரதீவுப்பற்றில் எங்கள் குடும்பத்துக்கும் கொஞ்சம் வயல் இருக்கிறது. ஆனால் அந்த யோசனை தவறு. அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, ஏனென்றால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு வேட்டைப் பொருட்கடையில் பல வருடங்கள் வில் பகுதியில் வேலை செய்தவன் நான். வருகிறவரின் கையை அளப்பது, அவருக்கேற்ற வில்லை எடுத்துக் கொடுப்பது, நாண் மாற்றுவது, அம்பு வெட்டிக் கொடுப்பது என்று அதிலேயே என் காலம் போனது.

கடிதம் வந்த நாளிலிருந்து சந்தையிலும் கோயிலடியிலும் காண்கிறவர்கள் என்னிடம் "அண்ணன், எத்தனை இறாத்தல் வில் அனுப்பச் சொல்லுவம்?" என்று கேட்கிறார்கள். கனடாவில் இருக்கிற மருமக்களும் வட்ஸ்அப்பில் இதையேதான் கேட்கிறார்கள். நாணை இழுக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பதைத்தான் இறாத்தலில் சொல்கிறார்கள். மருமக்கள் கேட்பதில் பிழையில்லை. அங்கே வில் வேட்டைக்கென்று சட்டம் ஒதுக்கிய பருவம் இருக்கிறது. வேட்டைப் பாடநெறி முடித்து, பரீட்சையில் தேறி, அட்டை எடுத்து, மானுக்கென்று தனியாக அனுமதிச்சீட்டும் வாங்கித்தான் காட்டுக்குள் போகிறார்கள். ஆகவே முதலில் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அதைக் கேட்டாலே படுவான்கரைக்கு இந்த வில் ஏன் சரிவராது என்பது பாதி விளங்கிவிடும்.

சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். முழுதாக இழுத்துக் குறி பார்க்கிற நேரத்தில்தான் முழுப் பாரமும் விரலில் இருக்கும். கொம்பவுண்ட் வில்லில் இரண்டு முனையிலும் வட்டம் தப்பிய சில்லுகள் உண்டு, 'காம்' என்பார்கள். நாணை இழுக்கும்போது அவை உருண்டு, நடுவழியில் பாரத்தை உச்சிக்கு ஏற்றி, கடைசியில் பெரும்பகுதியைத் தாங்களே ஏந்திக்கொள்ளும். 80 வீதம் விட்டுக்கொடுக்கிற 50 இறாத்தல் வில்லை முழுதாக இழுத்து நிற்கும்போது கையில் மிஞ்சுவது 10 இறாத்தல்தான். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலிஸ் வில்பர் அலன் என்பவர் 1966 இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969 இல் கிடைத்தது. இன்று கடையில் தொங்குகிற அத்தனை கொம்பவுண்ட் வில்லும் அந்த ஒரு யோசனையின் பிள்ளைகள்.

அந்தச் சில்லு இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. நாண் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. அதற்கு மேல் இழுத்தால் சுவரில் மோதினது போல நின்றுவிடும். மற்ற வில்லில் உங்கள் கை எவ்வளவு வருமோ அவ்வளவு இழுக்கலாம். இதில் வில் சொல்கிற அளவுக்குத்தான் நீங்கள் இழுக்க முடியும். ஆகவே அந்த அளவு உங்கள் உடம்பின் அளவாக இருந்தே ஆகவேண்டும். முதல் வில் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய முதல் விடயம் இந்த இழுப்பு நீளம். இறாத்தலும் வேகமும் நிறமும் அதற்குப் பிறகுதான்.

அளப்பது சுலபம். சுவரில் முதுகை வைத்து நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் விரியுங்கள். நெஞ்சை முன்தள்ளி, கையை எட்டி நீட்டி அளவைக் கூட்ட வேண்டாம், சாதாரணமாக விரித்தால் போதும். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனிவரை எத்தனை அங்குலம் என்று இன்னொருவரைக் கொண்டு அளந்து, அதை 2.5 ஆல் வகுக்க வேண்டும். 66 அங்குலம் வந்தால் இழுப்பு நீளம் 26.4, அதாவது 26 அல்லது 26½ இல் தொடங்கலாம். என்னிடம் வந்த எங்கள் ஆட்களில் அநேகம் பேர் 26, 27 இல்தான் நின்றார்கள். கடையில் எடுத்துக் காட்டுகிற வில்லோ பெரும்பாலும் 28, 29 இல் பூட்டியிருக்கும். அதை இழுத்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று வாங்கிக்கொண்டு போகிறவர் இடுப்பைப் பின்னுக்கு வளைத்து நிற்பார், முன்கை முழங்கை பூட்டினபடி நீண்டு போகும், நாண் முன்கையில் அடித்துத் தோலைக் கிழிக்கும், குறி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். அவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். குற்றம் வில்லின் அளவில். சந்தேகம் என்றால் அரை அங்குலம் குறைத்து வையுங்கள், கூட்டி வைக்காதீர்கள். வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

இனி இறாத்தல். இதில்தான் ஆண்பிள்ளைகள் எல்லாரும் சறுக்குகிறார்கள். 70 என்று எழுதியிருந்தால் அதுதான் ஆண்பிள்ளை வில், 50 என்றால் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் என்று ஒரு நினைப்பு. ஒன்ராறியோச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மானுக்கு வில்லின் பாரம் 700 மில்லிமீற்றர் இழுப்புக்குள் குறைந்தது 18 கிலோ இருக்க வேண்டும். அது ஏறக்குறைய 40 இறாத்தல். மூஸ் என்கிற, எங்கள் எருமையை விடப் பெரிய உருப்படிக்கே 22 கிலோ போதும், 50 இறாத்தல்கூட இல்லை. உலகப் போட்டிகளில் கொம்பவுண்ட் வில்லுக்கு வைத்திருக்கிற உச்ச வரம்பு 60 இறாத்தல். உலகத்தின் மிகச் சிறந்த வில்லாளிகளே அதற்குள்தான் நிற்கிறார்கள். அப்படியிருக்க முதல் வில் எடுக்கிற பிள்ளைக்கு 70 எதற்கு?

கடையில் நான் வைத்த சோதனை இது. ஒரு கதிரையில் உட்காருங்கள். இரண்டு காலையும் நிலத்தில் படாமல் தூக்குங்கள். இலக்கை நோக்கி நீட்டிய வில்லை மேலே தூக்காமல், நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். இழுத்து அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு அம்பை விடாமல் அதே மெதுவில் நாணைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இதில் முகம் சுளித்தால், வில் கூரையைப் பார்த்தால், பாரம் அதிகம். ஐந்து இறாத்தல் இறக்குங்கள். திரும்பவும் செய்யுங்கள். உடற்பயிற்சி நிலையத்தில் மலைபோல் தூக்குகிறவர்கள்கூட இந்தச் சோதனையில் 50 க்கும் 55 க்கும் இறங்கியதைக் கண்டிருக்கிறேன். முதுகின் நடுவில் இருக்கிற தசைகள்தான் வில்லை இழுப்பவை. அவை வேறு வேலையில் பழகாதவை, மாதக்கணக்கில் பழக்கினால்தான் வரும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மான் வருவது நீங்கள் உடம்பு சூடேறி நிற்கிற நேரத்தில் இல்லை. கார்த்திகை மாதக் குளிரில், பூச்சியத்துக்குக் கீழே, மரத்தில் கட்டிய பரணில் மணிக்கணக்காக அசையாமல் இருந்து உடம்பு விறைத்த பிறகு வரும். தடித்த ஜக்கெட் போட்டிருப்பீர்கள். மான் 20 யார் (ஏறத்தாழ 18 மீற்றர்) தூரத்தில் நின்று காதைத் திருப்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வில்லை வானத்துக்குத் தூக்கி உதறி இழுத்தால் அது கண்டுவிடும். காணாவிட்டாலும் உங்கள் கை நடுங்கும்.

எங்கள் கடைக்கு வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். பெற்றோர் மட்டக்களப்புப் பக்கம், அவன் கனடாவிலேயே பிறந்தவன். களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை, நல்ல உடம்பு. நான் 52 இல் பூட்டித் தருகிறேன் என்றேன். அவன் கேட்கவில்லை, வேறொரு இடத்தில் போய் 70 வில் வாங்கினான். அந்தப் பருவத்தில் அவன் விட்ட அம்பு மானின் வயிற்றில் பட்டது. இழுக்க முடியாமல் இழுத்து, நிற்க முடியாமல் விட்டிருக்கிறான். இரவெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் கண்டபோது ஓநாய்க் கூட்டம் போலத் திரிகிற கொயோட்டிகள் தின்றது போக மிச்சம் கிடந்தது. அந்தப் பிள்ளை என் மேசைக்கு முன்னால் நின்று அழுதான். அவனுடைய வில்லை அன்றைக்கே 54 க்கு இறக்கிக் கொடுத்தேன். இப்போது அவன் நல்ல வில்லாளி. ஆனால் அந்த மான் செத்த விதத்தை யாரும் மாற்ற முடியாது.

துவக்குக் குண்டு அடித்து விழுத்துவது போல அம்பு விழுத்தாது. அம்பின் முனையில் இருக்கிற சவர அலகு போன்ற வெட்டுமுனை நாளங்களை அறுக்கிறது, இரத்தம் போய்த்தான் உயிர் போகிறது. நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கிற சோற்றுத்தட்டு அளவு இடத்தில் பட்டால் சில விநாடிகளில் முடிந்துவிடும். வயிற்றில் பட்டால் அரை நாள், ஒரு நாள் இழுக்கும். ஆகவே வில் வேட்டையில் பலத்தை விட இடம் முக்கியம், இடத்துக்கு அமைதியான கை வேண்டும், அமைதியான கைக்கு உங்களுக்கு அளவான வில் வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் 'வினாடிக்கு 320 அடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண் 70 இறாத்தல், 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் (ஏறத்தாழ 23 கிராம்) நிறையுள்ள மெல்லிய அம்பு என்ற கணக்கில் எடுத்தது. 27 அங்குலமும் 50 இறாத்தலும் உள்ள ஒருவருக்கு அந்த எண் வராது. ஒரு அங்குலம் குறைய ஏறத்தாழ 10 அடியும், ஒரு இறாத்தல் குறைய ஏறத்தாழ 2 அடியும் இறங்கும் என்பது கடைக்காரர் கணக்கு. அதன்படி 250 அளவில் வந்து நிற்கும். அது போதாதா என்றால், தாராளமாகப் போதும். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி ஓடுகிறது. உலகத்தின் வேகமான வில்லில் விட்ட அம்பும் நாணின் சத்தத்துக்கு மிகவும் பிந்தித்தான் மானிடம் போய்ச் சேரும். சத்தம் கேட்ட மான் பாய்வதற்காக உடம்பைப் பதிக்கும். 20 யாரில் அம்பு போய்ச் சேர கால் வினாடி, மான் பதிந்தாலும் அதிகம் மாறாது. 40 யாரில் அரை வினாடி. அதற்குள் அது பதிந்துவிடும், நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேலால் போகும் அல்லது முதுகெலும்பில் குத்தும். வேகத்துக்குக் காசு கொட்டுவதை விட, கிட்டப் போகப் பழகுவதும் சத்தம் குறைந்த வில்லை எடுப்பதும் மேல். முதல் பருவத்தில் 20 யாருக்கு அப்பால் அம்பு விடமாட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

மற்றவை சுருக்கமாக. எந்தக் கண் ஆளும் கண் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கையாலும் ஒரு சிறு முக்கோண ஓட்டை செய்து, தூரத்துப் பொருள் ஒன்றை இரண்டு கண்ணாலும் அதற்குள் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணைத் திறந்து வைத்தால் பொருள் ஓட்டைக்குள் நிற்கிறதோ அதுதான். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால் இடக்கை வில் எடுக்கலாமா என்று யோசியுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கை மாற்றுவது பெரிய கஷ்டமில்லை. சில்லுக்குச் சில்லு 32 அங்குலத்துக்குக் கிட்ட இருக்கிற வில் புதியவருக்கு நல்லது, மிகக் குட்டை வில் சிறு நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். நாணுக்கும் பிடிக்கும் இடையே 7 அங்குலம் அளவில் இருப்பதை எடுங்கள், 6 அங்குல வில் வேகம், ஆனால் பிழை பொறுக்காது.

அம்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அம்புக்கு விறைப்பு எண் உண்டு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கியில் வைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் வளைகிற அம்பு 500. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். 27 அங்குலமும் 50 இறாத்தலும் உள்ளவருக்கு 500 அளவில் சரிவரும், 70 இறாத்தல்காரருக்கு வெட்டிய அம்பை இரவல் வாங்கி விடக்கூடாது. ஒரு இறாத்தலுக்கு 5 கிரெய்னுக்குக் குறைந்த அம்பை எந்த வில்லிலும் பூட்டவே கூடாது. பாரம் இல்லாத அம்பு, அம்பே இல்லாமல் நாணை விடுவதற்குச் சமம், வில்லின் கை, அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி, பிளந்து முகத்துக்கு வரும். கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் பூட்டுமுன் இரு கையாலும் வளைத்துக் காதருகே பிடித்துப் பாருங்கள். 'நெரிக்' என்று சத்தம் வந்தால் முறித்து எறியுங்கள். வெடித்த கார்பன் அம்பு கைக்குள் ஏறினதை நான் பார்த்திருக்கிறேன், அதை இங்கே விவரிக்க மனம் இல்லை.

எந்த வில் என்று கேட்கிறவர்களுக்கு: விலை உயர்ந்த வில் முதலில் வேண்டாம். டயமண்ட் நிறுவனத்தின் இன்ஃபினிட் எட்ஜ் புரோ 5 இறாத்தலிலிருந்து 70 வரையும், 13 அங்குலத்திலிருந்து 31 வரையும் மாற்றக்கூடியது. பெயர் (Bear) என்ற நிறுவனத்தின் குரூசர் ஜி2 வும் அப்படித்தான், 5 முதல் 70, 12 முதல் 30. இந்த வகை வில்லை 40 இல் தொடங்கி உடம்பு பழகப் பழக ஏற்றிக்கொண்டு போகலாம், வீட்டில் தம்பி தங்கைக்கும் அளவு மாற்றிக் கொடுக்கலாம். பழைய வில் வாங்குவதென்றால் பஞ்சுத் துண்டு ஒன்றை வில்லின் கைகளில் மெதுவாகத் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பில் பஞ்சு சிக்கும். நாண் மயிர் கிளம்பியிருந்தால் புது நாணின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அம்பில்லாமல் விடப்பட்ட வில்லா என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வாருங்கள்.

இனிப் படுவான்கரைக்கு வருகிறேன்.

மான், மரை போன்றவற்றைக் கொல்வது எங்கள் நாட்டில் குற்றம். 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் துவக்கென்றும் வில்லென்றும் பார்ப்பதில்லை. பன்றிக்கு அந்தளவு பாதுகாப்பு இல்லை என்பதைக் கமக்காரர் எல்லாரும் அறிவார்கள். ஆனால் பன்றிக்கென்று இரவில் கொண்டுபோகிற சத்தமில்லாத வில் மானைக் கண்டால் என்ன செய்யும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கடிதம் எழுதிய அண்ணன் நல்லது என்று சொன்ன அந்தச் 'சத்தமில்லை' என்ற குணத்துக்காகவே நான் பயப்படுகிறேன்.

சரி, பன்றி மட்டும்தான் என்றே வைத்துக்கொள்வோம். முற்றிய ஆண் பன்றியின் தோளுக்கு மேல் கேடயம் மாதிரி ஒரு தடித்த தோல்படை உண்டு. அதன் இதயம் நாங்கள் நினைப்பதை விடத் தாழ்வாகவும் முன்னுக்குத் தள்ளி முன்கால்களுக்கு இடையிலும் இருக்கிறது. பகலில், 20 யாரில், பக்கவாட்டில் அசையாமல் நிற்கிற பன்றிக்கே அளவான அம்பும் பழகின கையும் வேண்டும். வட்டையில் பன்றி வருவது இருட்டில், கூட்டமாக, கதிருக்குள் முதுகு மட்டும் தெரிய. ரோச் லைற்றை அடித்தால் கலைந்து ஓடும். ஓடுகிற முதுகில் குத்தின அம்போடு அது காட்டுக்குள் போய் நாள்கணக்கில் அழுகிச் சாகும், அல்லது அடுத்த நாள் விறகு பொறுக்கப் போன பெண்ணின் மேல் பாயும். காயப்பட்ட மிருகத்தைத் தேடிப் பிடித்து முடிப்பது வேட்டைக்காரனின் கடமை. அதற்கு இரத்தத் தடம் வேண்டும். தண்ணீர் கட்டிய வயலில் தடம் எங்கே இருக்கும்?

எனக்கு அதைவிடப் பெரிய பயம், படாத அம்பு. இருட்டில் விடுகிற அம்புகளில் அநேகம் படாது. சேற்றுக்குள் போய்ப் புதைந்துவிடும், தேடினாலும் கிடைக்காது. அதன் நுனியில் இருப்பது சவர அலகு. எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு நாற்று நடுகிறார்கள், களை பிடுங்குகிறார்கள். அறுவடை முடிய மாடுகள் அதே வயலில் இறங்கி மேயும். இன்னொன்று, பெரும்போகக் காவல் காலத்தில் ஒரு கண்டத்தில் (வயல் தொகுதியில்) எத்தனை வாடிகள், அதாவது காவல் குடில்கள், இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். துவக்குச் சத்தம் கேட்டால் பக்கத்து வாடிக்காரர் குனிவார். அம்பு வருவது அவருக்கு எப்படித் தெரியும்? பன்றியின் உடம்பை ஊடுருவி வெளியேறின அம்பும் நிற்பதில்லை, அதுவும் எங்கேயோ போய்த்தான் விழும்.

பிறகு யானை. உன்னிச்சைப் பக்கமோ, திருக்கோவில் கஞ்சிகுடிச்சாற்றுப் பக்கமோ வயல் காவலுக்குப் போகிறவர் கையில் வில் இருந்தால், யானை முன்னால் வந்து நிற்கிற நேரத்தில் பயத்தில் விடத்தான் செய்வார். அம்பு யானையைக் கொல்லாது, சீழ் பிடிக்கிற ஒரு புண்ணைக் கொடுத்து மூர்க்கமாக்கி அனுப்பும். அது அடுத்ததாக எந்த ஊருக்குள் நுழைகிறதோ, அந்த ஊர் விலை கொடுக்கும். தீனிக்குள் வைக்கிற பன்றி வெடியைக் கடித்து வாய் சிதைந்து பட்டினியால் செத்த யானைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். இன்னொரு கொடுமை எங்களுக்கு வேண்டாம்.

'வில் எங்கள் மண்ணின் ஆயுதம்தானே' என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. உண்மைதான். வாகரை, பனிச்சங்கேணிப் பக்கத்து வேடர் முன்னோர் வில்லோடு வாழ்ந்தவர்கள். ஆனால் அவர்களுடைய பலம் வில்லில் மட்டும் இருக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மிருகம் எந்தத் தடத்தால் தண்ணீருக்கு வரும் என்பதெல்லாம் சிறு வயதிலிருந்தே உடம்போடு ஊறிய அறிவு. கிட்டப் போய் விட்டார்கள், விட்டதைத் தேடிப் போனார்கள். பெட்டியில் வந்து இறங்குகிற வில்லோடு அந்த அறிவு வராது.

பன்றிக்கு என்ன வழி என்று அண்ணன் கேட்பார். கண்டத்துக்காரர் சேர்ந்து போடுகிற சூரியமின் வேலிதான் என் பதில். விட்டு விட்டு அதிர்ச்சி கொடுக்கிற முறையான கருவியோடு போட வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது மனிதக் கொலை. தனி ஒருவரால் இது முடியாது, கமநல சேவை நிலையமும் விவசாய அமைப்புகளும் சேர்ந்து கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கையை உங்கள் பத்திரிகை தொடர்ந்து எழுத வேண்டும் ஐயா.

வில்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் வில் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். இலக்குக்கு விடட்டும். அதற்கும் முதல் வில்லாகக் கொம்பவுண்டை இங்கே எடுப்பித்து விடாதீர்கள். அதன் நாணை மாற்ற வில்லை அமத்திப் பிடிக்கிற தனி இயந்திரம் வேண்டும். என் வேலைத்தளத்தில் அது மேசையோடு பூட்டியிருந்தது, இங்கே எங்கள் ஊரில் நான் ஒன்றையும் காணவில்லை. நாண் ஒருமுறை அறுந்தால் வில் சுவரில் தொங்கும். வாவிக் காற்றின் உப்பு சில்லின் அச்சையும் ஆணிகளையும் தின்றுவிடும். சில்லு இல்லாத, முனைகள் முன்னுக்கு வளைந்த, மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டுகிற ரிகேர்வ் வில் ஒன்று, 20 இலிருந்து 26 இறாத்தலுக்குள், போதும். நாணை ஒரு கயிற்றின் உதவியால் கையாலேயே ஏற்றி இறக்கலாம். பிள்ளை வளர வளர வில்லின் கைகளை மட்டும் மாற்றலாம். நிற்கிற விதமும் விடுகிற விதமும் அதில் பிடிபட்ட பிறகு கொம்பவுண்டுக்குப் போனால் அதன் அருமை தெரியும்.

போக வேண்டிய இடமும் இருக்கிறது. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கொம்பவுண்ட் கலப்பு இரட்டையர் போட்டி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆந்திராவைச் சேர்ந்த ஜோதி சுரேகா வென்னம் 2023 இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் கொம்பவுண்ட் வில்லில் மூன்று தங்கம் வென்றார். ஜம்முவின் கிஷ்த்வார் மலைக் கிராமத்துப் பிள்ளை ஷீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே கைகள் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளாலும் தாடையாலும் நாணை இழுத்து விடுகிறார். 2024 பாரிஸ் பராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வென்றபோது வயது 17. அதே போட்டிகளில் ஆண்கள் தனிநபர் தங்கம் வென்ற அமெரிக்கர் மற் ஸ்ரட்ஸ்மனுக்கும் கைகள் இல்லை. அவர்களுடைய வில் அவர்களுடைய உடம்புக்கு அளந்து பூட்டப்பட்டது. போரில் கையையும் காலையும் இழந்தவர்கள் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இந்த இரண்டு மாவட்டத்திலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒரு சிலருக்காவது இந்தக் கதவைத் திறந்துவிட வேண்டாமா? முழு இழுப்பில் பாரத்தைத் தானே ஏந்திக்கொள்கிற வில் அவர்களுக்கு மெய்யாகவே பயன்படும். அவர்களுக்கென்று வருகிற கொம்பவுண்ட் வில்லையும், அதோடு நாண் மாற்றுகிற இயந்திரத்தையும் நான் இரு கையாலும் வரவேற்பேன்.

ஆகவே புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளிடம் என் வேண்டுகோள் இது. பன்றிக்கென்று வில் அனுப்பாதீர்கள். அனுப்ப ஆசை என்றால் ஊர் விளையாட்டுக் கழகத்துக்குப் பயிற்சி ரிகேர்வ் வில்களும், அம்பு நிற்கிற தடித்த இலக்குப் பலகைகளும் அனுப்புங்கள். அதற்கு முன்பு சுங்கத்திலும் மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெபர் மைதானத்திலோ வேறு பொது இடத்திலோ ஒரு ஓரம் ஒதுக்கி, பின்னால் உயரமான மண்மேடு போட்டு, ஆட்கள் குறுக்கே போகாமல் வேலி அடைத்துத் தந்தால் 30 மீற்றர் தூரத்தில் பயிற்சியைத் தொடங்கலாம். கட்டணம் எதுவும் வேண்டாம், பிள்ளைகளுக்கு அளவெடுக்கவும் வில் பூட்டிக் கொடுக்கவும் வார இறுதிகளில் நான் வருகிறேன். கடிதம் எழுதிய படுவான்கரை அண்ணனும் தன் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர்